சவுனாவில் குளித்த தோட்டா

அந்த வாரம் எங்கள் ஹார்மாசாரித் தீவுப் படைத்தளத்தில் திருவிழாக் கூட்டம். இடுப்புவரை தாடி வளர்த்த ஓர்வோ என்ற பெரியவர் வந்திருந்தார். அவர் கொண்டுவந்த பலகையைத் தொடவே துப்பாக்கிக் குண்டு பயப்படுமாம். பிர்ச் மரப்பட்டையையும் கம்பளியையும் அழுத்தி, சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் ஏழு தடவை ஆவி பிடிக்கவைத்து, கடல் தேவதைக்குப் பாட்டுப் பாடிச் செய்ததாம். எடை இரண்டே கிலோ. எங்கள் ரோந்துப் படகைச் சுற்றியிருந்த பன்னிரண்டு பீங்கான் கவசத் தகடுகளோ, ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. பக்கத்துத் தீவுப் பெண்கள்கூட, மீன் பிடிக்கப் போகும் கணவன்மாருக்காக ஆளுக்கொரு துண்டு வாங்கிப் போனார்கள். மீனும் சுடும் போலிருக்கிறது.

தளபதி ஹால்மே இரண்டு பட்டம் வாங்கியவர். சும்மா நம்பிவிடுவாரா? தகடுகளைக் கழற்றி, பலகைகளை மாட்டி, படகை ஓட்டிப் பார்த்தார். பறந்தது.

"பாத்தீங்களா, தேவதை தள்ளுது" என்றார் பெரியவர்.

அரை டன் சுமையை இறக்கினால் தள்ளுவண்டிகூடப் பறக்கும். அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான், வெட்கக்கேடு.

அடுத்து சுட்டுக் காட்டினார்கள். குண்டு பலகையில் பாதி இறங்கி நின்றது. தோட்டா மட்டும் பெரியவருடையது. பலகையும் தோட்டாவும் ஒரே சவுனாவில் குளித்திருந்தால்தான் ஒன்றையொன்று மதிக்குமாம். நாங்கள் பக்தியோடு தலையாட்டினோம்.

வெள்ளிக்கிழமை அந்தப் படகு ஆயுதக் கடத்தல்காரர்களை மடக்கப் போக வேண்டும். போகிறவர்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி எஞ்சின் மெக்கானிக் ஐலா. அவளுக்குப் பக்தி கிடையாது, உயிர்ப்பயம் உண்டு.

வியாழக்கிழமை பட்டாணி சூப் முடிந்ததும், இன்னொரு தடவை தரிசனம் வேண்டும் என்று பெரியவரிடம் கேட்டாள். பூரித்துப்போய் இரண்டு தோட்டா கொடுத்தார். சமையற்கட்டிலிருந்து காய்ந்துபோன ரை தானிய ரொட்டி ஐந்தைக் கொண்டுவந்து, சேர்த்துக் கட்டி, சுடுகளத்தில் நிறுத்தினாள். படகின் துப்பாக்கிக்காரன் வில்யோவை அழைத்து, அவர் தோட்டாவாலேயே சுடச் சொன்னாள். குண்டு மூன்றாவது ரொட்டியில் உட்கார்ந்துவிட்டது.

"ஐயா, இந்த ரொட்டி எப்ப சவுனாவுக்குப் போச்சு?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த தளபதி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஐலா அடுத்து பெரியவரின் பலகையை நிறுத்தி, அதன் பின்னால் வில்யோவின் உயிர்காப்பு அங்கியை மாட்டினாள். "இப்ப நம்ம தளத்துப் பெட்டியில இருக்கற தோட்டாவப் போடு."

குண்டு பலகையைத் துளைத்து, அங்கியில் நெஞ்சுப் பக்கம் எழுதியிருந்த அவன் பெயரையும் துளைத்து, மண்மேட்டில் போய்ப் புதைந்தது. வில்யோ ஓட்டைக்குள் விரலை விட்டான். விரல் மறுபக்கம் வந்தது.

"அடுத்த மாசம் எனக்குப் புள்ள பொறக்கப் போவுது" என்றான், யாரையும் பார்க்காமல்.

"அந்தத் தோட்டா சவுனாவுக்கு வரலையேம்மா" என்று முனகினார் பெரியவர்.

"நாளைக்கு வர்றதும் வந்திருக்காதுங்கய்யா."

அவர் கொடுத்த இன்னொரு தோட்டாவைப் பிரித்தாள். வெடிமருந்து நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவுதான் இருந்தது.

பெரியவரைப் போலீஸ் படகு ஏற்றிச் சென்றது. தேவதை தள்ளாததால் மெதுவாகவே போனது. நாங்கள் சாயங்காலம்வரை முதுகு ஒடியத் தகடுகளைத் திரும்ப மாட்டினோம். வெள்ளிக்கிழமை படகு ஆடி அசைந்து போய், தகட்டில் மூன்று அடி வாங்கிக்கொண்டு, ஆறு பேரோடும் திரும்பியது. ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று தளபதி அதன்பின் கேட்டதில்லை.

குண்டு துளைக்காத அருளோடு உங்கள் ஊருக்கும் ஒருவர் வருவார். சண்டை போடாதீர்கள், காலில்கூட விழுங்கள். தோட்டாவை மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள்.