மேற்குச் சரிவு பச்சை

வெண்குடுமி நாட்டை வரைபடத்தில் தேடிக் களைத்துப்போக வேண்டாம். அங்கே மழைக்குப் பதில் பனி பெய்யும். நெல் விளையாது, வாழை விளையாது, மலை மட்டும் அமோகமாக விளைந்திருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து காசு கொடுத்து மலை ஏறுவார்கள், காலில் பலகையைக் கட்டிக்கொண்டு கீழே சறுக்குவார்கள், மறுபடி காசு கொடுத்து ஏறுவார்கள். இதில் என்ன சந்தோஷம் என்று நாங்கள் அவர்களைக் கேட்டதில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயம். சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடை ஒன்று எனக்கும் இருந்தது. அந்த வகையில் நானும் நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கியவர்களில் ஒருவன்.

முன்பெல்லாம் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு காவல்காரர் இருந்தார். காலையில் எழுந்து தடியால் பனியைக் குத்திப் பார்ப்பார். நன்றாக இருந்தால் பச்சைக் கொடி, இல்லாவிட்டால் சிவப்புக் கொடி. கொடியை நட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறைதான். தடியைத் திறந்துவைத்து யாரும் ரிப்பன் வெட்ட முடியாது.

இந்தக் குறையை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் நாட்டுத் தலைவர் கோவேந்தனார். வெளிநாடு போய்வந்தவர் 'மலைக்கண்' என்ற டிஜிட்டல் பொறியை வாங்கிவந்தார். சரிவெங்கும் பனிக்குள் கருவிகளைப் புதைத்தார்கள். சந்தைத் திடலில் பனைமர உயரத்துக்கு ஒரு திரையை நிறுத்தினார்கள். எந்தச் சரிவு பச்சை, எந்தச் சரிவு சிவப்பு என்பதை இனி அதுதான் சொல்லும். ரிப்பன் வெட்டியபோது நாங்கள் கைதட்டினோம். காவல்காரர்களும் தட்டினார்கள். திரையைத் துடைக்கிற வேலைக்குத் தங்களை மாற்றிவிட்டார்கள் என்பது அவர்களுக்கு மறுநாள்தான் தெரியவந்தது.

பொறிக்கு எங்கள் மொழி தெரியவில்லை. அதற்குக் கற்றுக்கொடுக்க வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வந்தார். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று சரிவுத் துறை அமைச்சர் செவ்வேள் தலைமையில் குழு கூடியது. தாய்மொழியின் தொன்மை பற்றி ஒவ்வொருவரும் பேசி முடிப்பதற்குள் நிபுணருக்கு விமான நேரம் வந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லுக்குத்தான் நேரம் இருந்தது. குழு ஏகமனதாக 'சரி' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது. மறுப்பதற்கும் ஒரு சொல் வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, "அப்படியொரு தேவை இந்த நாட்டில் இதுவரை எழவில்லை" என்று அமைச்சர் விளக்கமளித்தார். யோசித்துப் பார்த்தோம், உண்மைதான்.

அடுத்து வந்தது காப்புச் சட்டம். குடிமக்கள் எல்லோரும் கையில் ஒரு காப்பு அணிய வேண்டும். மலைக்கண் எதையாவது கேட்டால் காப்பு பேசும், நாம் 'சரி' என்றால் சம்மதம் பதிவாகிவிடும். எதிரில் நிற்பவர் கேட்டதற்குச் 'சரி' என்றாலும் செல்லும். அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், கையெழுத்து வேண்டாம். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று காட்டத் தலைவரும் ஒன்று அணிந்துகொண்டார். அவருடையது தங்கம்.

காப்பு கேட்கும் கேள்வி காதில் விழும் அளவுக்குத்தான் இருக்கும், பல சமயம் அதுவும் இருக்காது. நாங்களோ வாயைத் திறந்தால் 'சரி'யில் தொடங்கி 'சரி'யில் முடிப்பவர்கள். புளி வாங்கிவரச் சொன்ன மனைவியிடம் "சரி, வாங்கிட்டு வரேன்" என்றேன். ஒரு வாரம் சம்பளமில்லாமல் பனி அள்ளுவதற்குச் சம்மதித்திருப்பதாகக் காப்பு நன்றி சொன்னது. அள்ளினேன். பக்கத்துக் கடைக்காரர் தூக்கத்தில் உளறித் தன் கடையின் முன்பாதியை அரசுக்குத் தானமாகக் கொடுத்தார். மறுநாள் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டு அவர் சொன்னதும் 'சரி'தான், அதோடு பின்பாதியும் போயிற்று. அவரைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

பிறகு நிறச் சட்டம். திரையில் பச்சை என்றால் பச்சை. பச்சைச் சரிவில் விபத்து நடக்காது, நடந்ததாகச் சொன்னால் அது வதந்தி. விபத்தே நடக்காத இடத்தில் மீட்புப் படைக்கு என்ன வேலை? எனவே அவர்கள் பச்சைச் சரிவில் கால் வைக்கக் கூடாது. மற்றவர்கள் ஏறுவதென்றால் தலைவர் படம் போட்ட டிக்கெட் வேண்டும், அதுவும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான். உள்ளூர்க்காரனுக்கு மலை எதற்கு என்று நாங்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

மேற்குச் சரிவில் பனியைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டுகிறவன் தாண்டவன். சரிவின் அடியில் அவன் மனைவி வடிவு கடை போட்டிருந்தாள். சறுக்கி விழுந்து நடுங்கி வருகிறவர்களுக்குச் சுடச்சுட மிளகு ரசம் விற்பாள். இருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை என்று சொன்னால் பொய். தினமும் போடுவார்கள். சண்டை முடிந்ததும் அவள் ஒரு கிண்ணம் ரசத்தை அவன் கையில் கொடுத்து அனுப்புவாள்.

அன்று மூன்று நாள் பெய்த பனி ஓய்ந்து வெயில் அடித்தது. திரை மேற்குச் சரிவைப் பச்சை என்றது. காப்பு கூப்பிட்டதால் தாண்டவன் வண்டியோடு மேலே போனான். போன கொஞ்ச நேரத்தில் மலையின் நெற்றியில் ஒரு கோடு விழுந்ததைச் சந்தையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். அவனும் பார்த்திருக்க வேண்டும். ஒரு காப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பேசவும் முடியும், வடிவின் காப்பில் அவன் குரல் கேட்டது.

"சரியுது! மேற்குப் பக்கம் மொத்தமா சரியுது!"

காப்பு உடனே பதில் சொன்னது. "உங்கள் சம்மதத்துக்கு நன்றி. மேற்குச் சரிவு பச்சை."

பாதி மலை இறங்கி வந்து, அவன் வண்டியை மூடி, வடிவின் கடைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் எங்களில் பலர் மலையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது பச்சையாக இருந்தது. கண்ணால் கண்டதை நம்புவதா, பனைமர உயரத்தில் எழுதியிருப்பதை நம்புவதா என்று எனக்கும் ஒரு நிமிடம் குழப்பமாகத்தான் இருந்தது.

வடிவு மீட்புப் படையிடம் ஓடினாள். ஆய்வாளர் குழந்தைசாமி மண்வெட்டி, கயிறு, நாய் எல்லாவற்றோடும் தயாராக நின்றார். நின்றார், அவ்வளவுதான்.

"சிவப்பாகணும் தாயி," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "பச்சையில கால வெச்சா என் ஆளுங்க அத்தனை பேருக்கும் சிறை."

"எப்ப ஆகும்?"

"தலைவர் மாறுற அன்னிக்கு எல்லாச் சரிவும் தானா சிவப்பாகும். டிக்கெட்டுல யாரு படம் போடறதுன்னு முடிவாகிற வரைக்கும் திறக்க மாட்டாங்க. வேற வழி எனக்குத் தெரியல. தேர்தலுக்கு இன்னும் மூணு வருஷம் கிடக்கு."

பனிக்கு அடியில் மூன்று வருஷம் யாராலும் இருக்க முடியாது. மூன்று நாழிகை இருக்க முடிந்தாலே அதிசயம். எங்களில் சிலர் திரையின் அடியில் நின்று "சரியில்லை, சரியில்லை" என்று கத்திப் பார்த்தோம். பொறிக்குப் பாதிச் சொல்தான் தெரியும். மக்களின் மகிழ்ச்சி உச்சத்தில் இருப்பதாகத் திரையில் பூக்கள் விழுந்தன.

அன்று தலைவர் சந்தைத் திடலில் மக்கள் குறை கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் பின் ஒருவராகப் போய்க் கும்பிட்டுக் குறையைச் சொல்ல வேண்டும். தலைவர் படமெடுப்பவரைப் பார்த்துக்கொண்டே எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்வார். வரிசையில் நின்றவர்கள் விலகி வடிவுக்கு வழிவிட்டார்கள். எங்கள் வரலாற்றில் நாங்கள் யோசிக்காமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அவள் அழவில்லை. மற்றவர்களைப்போலவே குனிந்து கும்பிட்டாள். குரலை ஏற்றாமல், சாக்கடை அடைப்பைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஐயா, நீங்க இப்பவே தலைவர் பதவிய விட்டு எறங்கிடணும்னு கேட்டுக்கறேங்கய்யா."

தலைவர் 'ஐயா' வரைக்கும் கேட்டிருப்பார்.

"சரிம்மா, சரி. பார்க்கலாம்," என்றார்.

தங்கக் காப்பு நன்றி சொன்னது. திரையில் எல்லாச் சரிவுகளும் சிவப்பாயின. கோவேந்தனார் நடந்தது புரியாமல் படமெடுப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். படமெடுப்பவர் கருவியை இறக்கிவிட்டார்.

குழந்தைசாமியின் ஆட்கள் ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். மண்வெட்டி கிடைத்தவர்கள் மண்வெட்டியோடும், கிடைக்காதவர்கள் அண்டா, தட்டு, என் கடைச் சறுக்குப் பலகை எது கிடைத்ததோ அதோடும். நாய் ஓர் இடத்தில் நின்று குரைத்தது. அங்கே தோண்டினோம். முதலில் வண்டியின் கூரை தெரிந்தது, பிறகு உடைந்த கண்ணாடி, பிறகு ஒரு கை. அதன் விரல் அசைந்ததைப் பார்த்தபோது நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்தவர் தன் கடையின் இரண்டு பாதிகளும் திரும்பக் கிடைத்ததுபோல என்னைக் கட்டிக்கொண்டார்.

"சரி, தூக்கு. மெதுவா, மெதுவா. காலு மாட்டியிருக்கு. சரி, இப்ப இழு. சரி, சரி, வந்துட்டான்." ஊரே ஒரே குரலில் சொன்னது. எங்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அது அவ்வளவாக எனக்குப் பழக்கமில்லாத உணர்ச்சி.

தாண்டவனைப் பலகையில் கிடத்தி வடிவின் கடைக்குத் தூக்கிவந்தோம். விலா எலும்பு இரண்டு நொறுங்கியிருந்தது, உயிர் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது சந்தைத் திரை மறுபடி பச்சையாகியிருந்தது. நடுவில் அமைச்சர் செவ்வேளின் படம், டிக்கெட்டில் போடுகிற அளவில்.

நாங்கள் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில், காலியான பதவிக்கு நான் வரட்டுமா என்று அவர் எல்லாக் காப்புகளிலும் கேட்டிருக்கிறார். மேற்குச் சரிவிலிருந்து மட்டும் ஒவ்வொருவரும் பலமுறை சம்மதித்திருந்தோம். நாட்டு வரலாற்றிலேயே இவ்வளவு உற்சாகமான தேர்தல் நடந்ததில்லை என்று புதிய தலைவர் தழுதழுத்தார். பழைய தலைவரையே தூக்கி எறிந்த மலைக்கண்ணின் நடுநிலைமை உலகத்துக்கு ஒரு பாடம் என்றும் சொன்னார். மீட்பு அவருடைய ஆட்சியின் முதல் சாதனையாக அறிவிக்கப்பட்டது.

தாண்டவன் மெல்லக் கண்ணைத் திறந்து, யார் இப்போது தலைவர் என்று கேட்டான். சொன்னோம். யார் சம்மதித்தது என்று கேட்டான். ஆளாளுக்குக் கையிலிருந்த மண்வெட்டியையும் அண்டாவையும் துடைக்க ஆரம்பித்தோம். அவன் காலைப் பிடித்து இழுத்தவன் நான், எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவனும் நான்தான்.

அப்போது அவன் கையில் இருந்த காப்பு பேசியது. "மேற்குச் சரிவு பச்சை. நாளைக் காலை பனியைச் சமன்செய்ய வரவும். சம்மதமா?"

கடைக்குள் ஒரு சத்தம் இல்லை. இருமல் வந்தவர்கள் இருமலை விழுங்கினார்கள். தாண்டவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். எங்களுக்கும் புத்தி வந்துவிட்டது என்று தோன்றியது. காப்பு காத்துக்கொண்டே இருந்தது.

வடிவு அடுப்பிலிருந்து கிண்ணத்தில் ரசத்தை ஊற்றிவந்து, அவன் தலையைத் தாங்கிப் பிடித்து, ஒரு வாய் குடிக்கவைத்தாள். அவன் முகம் சுளித்தான். எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?"

காப்பு நன்றி சொன்னது.