எனக்குப் பேச்சு நின்றுவிடவில்லை, சம்பந்தி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே தங்கள் முழங்கால் வலியும், சம்பந்தி அம்மாளுக்குத் தங்கள்மேல் இருந்த கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எனக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டதாக உங்கள் மகள் போனில் அழுதாளாம். தாங்களும் பெட்டி கட்டிவிட்டதாகக் கேள்வி. பிரித்துவிடுங்கள். எல்லாம் அந்தப் பயிற்சி செய்த வேலை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, எழுதப் படிக்க வாய்க்காத பெரியவர்களுக்கு மாலையில் எழுத்தும் கணக்கும் சொல்லித் தருவது தாங்கள் அறிந்ததே. இப்போது என் உயிரே அந்த வகுப்புதான். ஆனால் காலமெல்லாம் ரயில் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவன் நான். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிப் பழகிய வாய். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருநாள் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். "சார், கேள்வியும் நீங்களே கேக்கறீங்க, பதிலும் நீங்களே சொல்றீங்க, 'சபாஷ்'னும் நீங்களே சொல்லிக்கறீங்க. அப்புறம் அவங்க எதுக்கு வர்றாங்க?" என்றார். கேள்வி கேட்டதும் மனசுக்குள் பத்து எண்ண வேண்டுமாம். அதுவரை வாயைத் திறக்கக் கூடாதாம். அடுத்த வாரம் மறுபடி வருவேன், அப்போதும் இப்படியே என்றால் வகுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டிலேயே பழகிப் பார்ப்போம் என்று மனைவியிடம், "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டுவிட்டு, வாயை இறுக மூடி எண்ண ஆரம்பித்தேன். வழக்கமாக அதற்குள் பதிலையும் நானே சொல்லி, அதில் ஒரு குற்றமும் கண்டுபிடித்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, இவருக்கு வாய் கோணுதே!" என்று கரண்டியைப் போட்டுவிட்டு உங்கள் மகளுக்குப் போன் செய்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னும் ஐந்து எண்ண வேண்டியிருந்தது.

அந்த நாளும் வந்தது. பயிற்சி அம்மா அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "இருபது மீட்டருக்கு நேரா ஒரு வேலி போடணும். நாலு மீட்டருக்கு ஒரு கம்பம். மொத்தம் எத்தனை கம்பம்?" என்று கேட்டுவிட்டு, ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டு நாக்குக்கு வேலை கொடுத்தேன். வகுப்பே திகைத்துப் போயிற்று. "சார் ஏன் பேசமாட்டேங்கறார்?" என்றார் துணி தேய்ப்பவர். "வீட்ல சண்டையா இருக்கும். பாவம், நாமளே போட்டுடலாம்" என்றார் சமையல்கார அம்மா. இருபதை நாலால் வகுத்து, "அஞ்சு" என்றார் தேய்ப்பவர். வாட்ச்மேன் மட்டும், "ஆறா வாங்கிடுங்க. ஒண்ணு ஒடைஞ்சா மறுபடி கடைக்கு யார் ஓடறது?" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "கணக்குல ஏதுய்யா ஒடையறது?" என்று சமையல்கார அம்மா போட்ட போட்டில், "சரி தாயே, அஞ்சுதான், ஆளை விடுங்க" என்று வாட்ச்மேன் கும்பிட்டுவிட்டார். இத்தனை நாளும் அவர்கள் குரலையே நான் சரியாகக் கேட்டதில்லை, சம்பந்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயிற்சி அம்மா எழுந்து நின்று கைதட்டினார். "பாத்தீங்களா சார், நீங்க சும்மா இருந்தா அவங்க யோசிக்கறாங்க!" வகுப்பு எனக்கே. அதுமட்டுமா, அடுத்த மாதம் எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் இதே பாடத்தை நான் நடத்திக் காட்ட வேண்டுமாம்.

அங்கே என்னைவிட மூத்தவர்கள் யாராவது இருந்தால் என் வணக்கங்கள். மற்ற எல்லோருக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: தாங்கள் கணக்கு வாத்தியாராக இருந்தவர், பிழை கண்டுபிடிப்பீர்கள் என்ற பயத்தில் மேலே சொன்ன வேலியைத் தாளில் வரைந்து பார்த்தேன். வேலி ஆரம்பிக்கும் இடத்தில் நிற்க வேண்டிய கம்பத்தை நாங்கள் யாருமே எண்ணவில்லை. ஆறுதான் சரி. வாட்ச்மேனிடம் நாளைக்கே மன்னிப்புக் கேட்டுவிடுவேன். ஆனால் தப்பான விடைக்குக் கைதட்டிய அந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? காலையிலிருந்து எனக்கு நிஜமாகவே பேச்சு வரவில்லை. உங்கள் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.