பறங்கிப் பெயர் வேண்டாம்

என் மகளுக்குச் சுத்தத் தமிழ்ப் பெயர்தான் வைப்பேன் என்று நான் சபதம் எடுத்தபோது, அவள் பிறக்க இன்னும் ஏழு கிழமை இருந்தது. சபதம் எடுக்கும் நிலையில் நான் இல்லை. வேலை ஈஸ்ட் டாமாக்கியில், பெட்டித் தொழிற்சாலையில். வீடு ரானுயியில். இடைப்பட்ட தூரத்தில் ஆக்லாந்தின் அத்தனை கார்களும் எனக்கு முன்னால் நிற்கும். அன்றைக்கும் வந்து விழுந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் என் மனைவி கஜந்தினி தொடங்கிவிட்டாள்.

"பிள்ளைக்கு லூனா எண்டு வைப்பம்."

"அதென்ன?"

"ஸ்பானிஷில நிலா. இப்ப எல்லாரும் வைக்கினம்."

"அப்ப நிலா எண்டே வைக்கலாமே."

"உங்கட தங்கச்சியின்ர மகளும் நிலா. கூப்பிட்டா ரண்டும் திரும்பிப் பாக்கும்."

ஸ்பானிஷ்காரனுக்கும் போர்த்துக்கேயனுக்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை. "பறங்கிப் பெயர் இந்த வீட்டுக்குள்ள வராது," என்றேன். "எங்கட கோயிலுகளை இடிச்சவங்கள்."

"நீங்கள் இருக்கிற கதிரை அவையின்ர சொல்லப்பா. மேசை, அலுமாரி, குசினி, இப்ப கழட்டின சப்பாத்து, எல்லாம் அவையின்ரதான். திருப்பிக் குடுக்கிறதெண்டா முதல்ல கதிரையை விட்டு எழும்புங்கோ."

எழும்பத் தெம்பில்லை. இருந்தேன்.

இரண்டு கிழமை யோசித்து ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை பின்னேரம், "கொஞ்சம் நடந்தா உமக்கு நல்லது" என்று சொல்லி, மாசி என்ற பக்கத்து ஊரில் நாய்களை அவிழ்த்துவிடும் பூங்காவுக்கு அவளைக் கூட்டிப் போனேன். அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் "லூனா" என்று கூப்பிட்டாள். மூன்று நாய்கள் ஓடி வந்தன. அதில் ஒன்றுதான் அவளுடையது.

கஜந்தினி நாய்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"சரி. நீங்களே தமிழில ஒண்டு சொல்லுங்கோ."

கலியாணம் கட்டி ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. காரில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

"மழை சம்பந்தமா ஏதும் வைக்கலாமோ?" என்றாள்.

"மாரி."

"நல்லம். ஆனா மொட்டையா நிக்குது. பின்னால ஏதும் ஒட்டவேணும்."

"மாரிமொழி."

"தமிழ்ச் சங்கத்தில ஏற்கெனவே நாலு தேன்மொழி. அதே கருத்தில, சின்னதா ஏதும்?"

"சொல்," என்றேன். "மாரிசொல். மழையின்ர வாக்கு."

அவள் கண்ணாடிக்கு வெளியே திரும்பிக்கொண்டாள். "நடுவில ஒரு ச் வரவேணுமோ?"

"பெயருக்கெல்லாம் புணர்ச்சி பாக்கத் தேவையில்லை," என்று தீர்ப்பு வழங்கினேன்.

மகள் பிறந்தாள். பதிவுப் படிவத்தை இணையத்தில் நானே நிரப்பினேன். கஜந்தினி சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் ஏழு எழுத்து அடித்தேன். அவ்வளவு பெருமையோடு நான் வேறெந்தப் படிவத்தையும் நிரப்பியதில்லை.

அடுத்த கிழமை மருத்துவிச்சி லுசியானா பிள்ளையை நிறுக்க வந்தாள். பிரேசில்காரி. தொடக்கத்திலிருந்தே கஜந்தினியைப் பார்த்து வருபவள். பெயரைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாரிசோல்," என்றாள். மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். "கடலும் சூரியனும். போர்த்துக்கேயத்திலும் ஸ்பானிஷிலும் அதுதான் அர்த்தம். என் தங்கையின் பெயர். ஆக்லாந்தில் இந்தப் பெயரில் ஒரு பிள்ளையையும் நான் கண்டதில்லை. மூன்றாம் மாதமே கஜந்தினி இதுதான் என்று முடிவெடுத்துவிட்டாள். நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள் என்றுதான் பயந்தேன்."

அவள் போகும்வரை சிரித்த முகத்தோடு நின்றேன். பிறகு கதிரையில் இருந்தேன்.

"அப்ப லூனா?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் பிடிக்காதப்பா. நீங்களா ஒரு வழி பாத்து அதை வெட்டுவியள் எண்டு காத்திருந்தனான். ரண்டு கிழமை எடுத்திட்டியள்."

சண்டை பிடிக்கலாம். அதற்கும் களைப்பாக இருந்தது. "அடுத்த பிள்ளைக்கு நான்தான் பெயர் வைப்பன்," என்று மட்டும் சொன்னேன்.

"இதுக்கும் நீங்கள்தானே வைச்சனீங்கள்," என்றாள் கஜந்தினி. அழத் தொடங்கிய பிள்ளையை என் கையில் தந்துவிட்டுப் படுக்கப் போனாள்.