மணியின் இடது பக்கம்

மணியில் பாதியைக் காணவில்லை.

எடைக்காரி கிராஃப் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்தாள். நூறு ரொட்டிகளை எடை போட்டு, ரொட்டிக்கு ஒரு கட்டம் என்று பென்சிலால் நிரப்பியிருந்தாள். நானூறு கிராமில் உயரமாக ஒரு மேடு. அங்கிருந்து வலது பக்கம் அழகாகச் சரிந்து இறங்கியது. இடது பக்கத்தில் மட்டும் கத்தியால் வெட்டியது மாதிரி ஒன்றுமே இல்லை.

அந்த ரொட்டித் தொழிற்சாலையின் பேக்கிங் அறையில் பதினோரு வருஷமாக எடை போடுபவள் அவள். போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து மூன்று நாள் புள்ளியியல் வகுப்பு எடுத்தார். மற்றவர்கள் கொட்டாவி விட, இவள் மட்டும் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள். இயல்நிலைப் பரவல் என்று அவர் பலகையில் ஒரு கோடு போட்டாரே, கவிழ்த்து வைத்த மணி மாதிரி, அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையில் மணி தெரிந்தது. துணிக்கடையில் அடுக்கியிருந்த சட்டை அளவுகளில் மணி தெரிந்தது. வீட்டுக்காரர் சாயங்காலம் வீடு திரும்பும் நேரத்தைப் பதினைந்து நாள் குறித்து வைத்து, "உங்க சராசரி ஆறே கால். இன்னிக்கு ஏன் ஏழு?" என்று அவள் கேட்க, அந்த மனுஷன் செருப்பைக்கூடக் கழற்றாமல் திகைத்து நின்றார்.

தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. சனிக்கிழமை அதிகாரி வருவார். அவர் கண் முன்னால் நூறு ரொட்டியை எடை போட்டு, வரைந்து, விளக்க வேண்டும். சரியாக வந்தால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து யாரையாவது போட்டுவிடுவார்கள், அவள் ஓய்வு பெறும்வரை அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்று திங்கள். கையில் இருப்பதோ பாதி மணி.

"மெஷின்தான் கோளாறா?" என்று எடை மெஷினைத் தட்டிப் பார்த்தாள். அது பாவம், ஒழுங்காகத்தான் இருந்தது. யோசித்துக்கொண்டே டீ அறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே ஆறு பேர் ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ட்ரே கழுவும் பெண் நடுவில் உட்கார்ந்து ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள். தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்பதால் அவளுக்கு அங்கே வாயாடி என்று பெயர்.

"இந்த ரொட்டி எங்கேருந்துடி வந்துச்சு?"

"என்னக்கா புதுசா கேக்கறீங்க? எடை குறைஞ்ச ரொட்டி எல்லாம் டீக்குத்தானே. ட்ரேயிலேருந்து எடுக்கறப்பவே எனக்குக் கை சொல்லிடும். நானூறுக்குக் கீழ இருந்தா இந்தப் பக்கம், மத்ததெல்லாம் உங்க பக்கம். வருஷக்கணக்கா இதானே வழக்கம்?"

"அடிப்பாவி! மணியோட இடது பக்கத்தைப் பூரா நீங்கதான் தின்னீங்களா?"

ஆறு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை முதல் டீக்கு ரொட்டி கிடையாது என்று எடைக்காரி அறிவித்தாள். எல்லா ரொட்டியும் அவளிடமே வர வேண்டும். ஆறு பேரும் வெறும் டீயைக் குடித்துவிட்டு அவளை முறைத்தார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். விஷயம் அடுப்பு மாஸ்டர் காதுக்குப் போனதுதான் வினை.

"என் ரொட்டி எடை குறையுதுன்னு ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டப் போறீங்களாமே?" என்று மாஸ்டர் மாவுக் கையோடு வந்து நின்றார். "இருபது வருஷமா அடுப்பு முன்னாடி வேகறேன். காட்டறேன் பாருங்க!"

காட்டினார். ஒவ்வொரு மாவு உருண்டையையும் தானே கிள்ளி, தானே நிறுத்து, கூடினால் பிய்த்து, குறைந்தால் ஒட்டி, அடுப்பின் மூலை முடுக்கெல்லாம் ட்ரேயைத் திருப்பித் திருப்பி வைத்துச் சுட்டார். எடைக்காரி ஆசையாக எடை போட்டாள். நானூறு. நானூறு. நானூற்று ஒன்று. நானூறு. கிராஃப் தாளில் கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, தாளின் உச்சியைத் தாண்டிவிட்டன.

"மணி கேட்டா கம்பம் நட்டு வெச்சிருக்காரே!" என்று அவள் தலையில் கை வைத்தாள்.

புதன்கிழமை காலை அவரிடம் கெஞ்சினாள். "மாஸ்டர், கோச்சுக்காதீங்க. எனக்கு இவ்வளவு கச்சிதம் வேணாம். கொஞ்சம் அப்படி இப்படி இருக்கட்டும். கொஞ்சம் அஜாக்கிரதையா சுடுங்களேன்."

இருபது வருஷ மாஸ்டரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? அவர் விருட்டென்று உள்ளே போனார். அன்று ஓர் உருண்டையைச் சின்னதாக, அடுத்ததைப் பெரிதாக, அதற்கடுத்ததைச் சின்னதாகப் போட்டார். தாளில் இந்தப் பக்கம் ஒரு மேடு, அந்தப் பக்கம் ஒரு மேடு, நடுவில் பள்ளம்.

"ஐ, ஒட்டகம்!" என்றாள் வாயாடி.

ஒட்டகத்தோடு முடியவில்லை. அந்த ரொட்டிகள் கடைகளுக்கும் போய்விட்டன. வியாழக்கிழமை மேனேஜரின் போன் ஓயவே இல்லை. ஒரு கடைக்காரர், பெரிய ரொட்டியெல்லாம் பக்கத்துக் கடைக்கு, சின்னதெல்லாம் எனக்கா என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

"இதோ பாரும்மா," என்றார் மேனேஜர், "சனிக்கிழமை அந்த அதிகாரி முன்னாடியும் இந்தக் கூத்து நடந்தா, மேற்பார்வையாளர் வேலையை நீ மறந்துடு. இந்த எடை வேலையும் உனக்கு எதுக்குன்னு நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

எடைக்காரி அடுப்பறையில் மாவு மூட்டைமேல் போய் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அழுதுவிட்டாள். வாயாடி ஓடி வந்தாள். மாஸ்டர் தூரத்தில் நின்று அடுப்பைப் பார்ப்பது போலப் பாவனை செய்தார்.

"அப்படி என்னதான்க்கா இருக்கு அந்த மணியில?"

கேட்டதுதான் தாமதம், அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து நின்றாள்.

"ஒரு ரொட்டிக்கு என்னென்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாரு. மாவுல கொஞ்சம் ஈரம் கூடும். அடுப்பு மூலையில கொஞ்சம் சூடு குறையும். உருட்டற கை ஒரு நேரம் அவசரப்படும், ஒரு நேரம் சாவகாசமா இருக்கும். ஒண்ணு எடையக் கூட்டும், இன்னொண்ணு குறைக்கும். பெரும்பாலும் அதுக்குள்ளேயே சரிக்குச் சரியாப் போயிடும். அதனாலதான் நடுவுல கூட்டம்! எல்லாமே ஒரே பக்கமா இழுக்கறது எப்பவோ ஒரு தடவைதான். அதனால ஓரத்துல ஆளே இருக்காது. யாரும் சொல்லாம, யாரும் அடுக்காம, அதுவா அந்த வடிவத்துல வந்து உக்காருதுடி! நினைச்சாலே சிலிர்க்குது!"

நிஜமாகவே அவள் கையில் மயிர் சிலிர்த்திருந்தது.

"நடுவுலன்னா எத்தனை?" என்று அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார் மாஸ்டர்.

"நம்ம ரொட்டிக்குத் திட்ட விலக்கம், அதாவது நடுவுலேருந்து வழக்கமா விலகற அளவு, ஆறு கிராம், மாஸ்டர். நானூறுக்கு ஆறு முன்னப் பின்ன, நூத்துல அறுபத்தெட்டு. பன்னெண்டு முன்னப் பின்ன, தொண்ணூத்தஞ்சு. மிச்சம் அஞ்சு ரொட்டிதான் ரெண்டு ஓரத்துலயும். அதுலயும் பதினெட்டு கிராம் தள்ளி ஒண்ணு வந்தா, அது அபூர்வம்!"

"ம்," என்றார் மாஸ்டர்.

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். சனிக்கிழமை யாரும் எதுவுமே செய்யாதீங்க. எப்பவும் போல விட்டுடுங்க, போதும். டீ ரொட்டியும் சனிக்கிழமை சாயங்காலத்துலேருந்து உங்களுக்கே."

"ஆகட்டும்மா," என்றார் அவர். அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் ஒத்துக்கொண்டதே இல்லை. எடைக்காரி அதையும் ஓர் அபூர்வம் என்று எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நூறு ரொட்டிகள் ட்ரேக்களில் தயாராக இருந்தன. வாயாடி சுவரோரம் நின்று, "வணக்கம்" சொன்ன அதிகாரிக்கு வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். இவளுக்குக்கூடப் பயமா என்று எடைக்காரிக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதல் ரொட்டி முன்னூற்றுத் தொண்ணூற்றேழு. அடுத்தது நானூற்று நான்கு. அடுத்தது நானூறு. அதிகாரி எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் கட்டத்தை நிரப்பினாள். இருபதாவது ரொட்டியில் ஒன்றும் தெரியவில்லை. ஐம்பதாவதில் நடுவில் லேசாக ஒரு மேடு எழும்பியது. எண்பதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, தாளின் நடுவில் மணி உட்கார்ந்திருந்தது!

"ஒண்ணு இருக்கு," என்றார் அதிகாரி, கடைசி ரொட்டியை மெஷினில் வைத்தபடி. "முன்னூத்தி எண்பத்திரண்டு. என்னம்மா இது, ஓரம் பிஞ்சிருக்கே?"

மேனேஜர் முகம் வெளிறியது. எடைக்காரியோ துள்ளாத குறைதான்.

"சார்! அதுதான் சார் அபூர்வம்! சரியாப் பதினெட்டு கிராம் தள்ளி! ஈரம், சூடு, கை அவசரம் எல்லாம் ஒரே பக்கமா இழுத்து, ட்ரேயில ஒட்டி ஓரமும் பிஞ்சிருக்கு பாருங்க. நூறு ரொட்டிக்கு நடுவுல இது ஒண்ணு வந்து எட்டிப் பாத்திருக்கு. இதுல யாரோட கையும் இல்ல சார். இயற்கையோட கை!"

அதிகாரி எண்ணிப் பார்த்தார். ஆறு கிராமுக்குள் அறுபத்தெட்டு. பன்னிரண்டு கிராமுக்குள் தொண்ணூற்றைந்து. மறுபடியும் எண்ணினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவ்வளவு சுத்தமான மணியைப் புத்தகத்துலதாம்மா பாத்திருக்கேன். திங்கக்கிழமையே வேலையில சேர்ந்துடு."

அவர் கார் ஏறியதுதான் தாமதம், எடைக்காரி கிராஃப் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்பறைக்கு ஓடினாள். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"பாத்தீங்களா மாஸ்டர்! பாத்தியாடி! யாரும் எதுவும் செய்யல, தானா வந்துச்சு! நான் சொன்னேன் இல்ல?"

மாஸ்டர் அவசரமாக அடுப்புக் கதவைத் திறந்து தலையை உள்ளே விடாத குறையாகக் குனிந்தார். டீ கோஷ்டி ஆறு பேரும் ஆளுக்கொரு மாவு மூட்டையைப் பார்த்தார்கள். வாயாடியும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"அக்கா, நேத்து சாயங்காலத்துலேருந்து அறுநூறு ரொட்டியத் தூக்கிப் பாத்து, நீங்க சொன்ன கணக்குக்கு நூறு பொறுக்கிக் கலைச்சு வெச்சோம், எல்லாம் அமைஞ்சுது, அந்தப் பதினெட்டு கிராம் குறைஞ்சது மட்டும் எங்க தேடியும் கிடைக்கல, அதான் அந்த அதிகாரி உள்ள நுழையற வரைக்கும் ஓரத்தப் பிச்சுப் பிச்சு நானே தின்னு அந்த எடைக்குக் கொண்டுவந்தேன்!"