ஐந்து பத்துக்குப் போகாத வண்டி

என் பச்சைக் கோப்பில் ஒரு லொக் ஷீட் இருக்கிறது. எந்த பஸ் எத்தனை மணிக்குப் போனது, வந்தது என்று குறிக்கும் தாள். இடம்: கட்டுகஸ்தோட்டை. நாள்: போயா எனும் பௌர்ணமி விடுமுறை, வியாழக்கிழமை. புறப்பட்ட நேரம்: காலை 5.10. இது பொய். என் கைக்கடிகாரத்தில் அப்போது 5.47. முதல்நாள்தான் அதை வானொலிச் செய்தியோடு சரிபார்த்திருந்தேன்.

ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காமல் மூன்று வருடத்தை வீணாக்கக்கூடிய மனிதர் இலங்கையில் ஒருவர்தான். அவர் எங்கள் மேல்வீட்டு டைம்கீப்பர். கண்டி பஸ் நிலையத்தில் முப்பது வருடம் விசிலும் கையுமாக நின்று வண்டிகளை விரட்டியவர். அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். மனைவி புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு டீச்சர்.

டீச்சருக்கு ஒரே ஒரு குறை. கல்யாணமான புதிதில் கடல் பார்க்க நீர்கொழும்புக்குக் கூட்டிப் போனார் டைம்கீப்பர். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு அலைக்குக் காத்து நின்றபோது, சட்டைப்பையிலிருந்து விசில் வந்தது. "ரெண்டே காலுக்கு பஸ்!"

"பதினோரு நிமிஷம். இத்தன வருஷத்துல எனக்குக் கெடச்ச கடல் அவ்வளவுதான்" என்பார் டீச்சர். முழங்கால் வேறு மோசமாகி வந்தது. மணலில் நடப்பது இனி ரொம்ப நாளைக்கு முடியாது என்பது இருவருக்குமே தெரியும்.

அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் அந்த வீட்டு வண்டி. பழைய மினி பஸ் ஒன்றில் ஆசனங்களைக் கழற்றி, கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்தினார். கலகெதர வழியால் இறங்கி, புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று நாட்டைச் சுற்றி, ஹுன்னஸ்கிரிய வழியால் வீடு திரும்புவது திட்டம். முப்பத்தொரு நாளுக்கு முப்பத்தொரு பக்க நேர அட்டவணை. 'குருநாகல், தேநீர்: 6.40 – 6.52. மன்னார், கடல்: 4.15 – 5.00.'

"நாப்பத்தஞ்சு நிமிஷமா! முன்னேற்றந்தான்" என்றார் டீச்சர்.

கழற்றாமல் விட்டது முன் ஆசனம் ஒன்றை மட்டும். அதன்மேல், இங்கே எல்லா பஸ்ஸிலும் இருக்கும் 'மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது' என்ற பலகையும் அப்படியே இருந்தது.

"நம்ம வீட்டு வண்டியில எந்த மதகுருங்க?"

"ஏறினா?"

"அப்ப நான்?"

"பின்னுக்குக் கட்டில் இருக்கே."

வண்டி கட்ட இரண்டு வருடம். புறப்பட ஒரு வருடம். வீதி காலியாக இருக்குமென்று போயா நாளில்தான் பயணம். முதல் போயாவுக்கு என் மனைவி இடியப்பப் பார்சலோடு ஓடிவந்தார். மணி 5.13. டைம்கீப்பர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"மூணு நிமிஷந்தானே அண்ணே!"

"தம்பி, அஞ்சு பத்து போயிருச்சு. அஞ்சு பதிமூணுக்கு நம்மகிட்ட வண்டி இல்ல."

அடுத்த பயணம் அடுத்த போயாவுக்கு. நின்ற வண்டிக்குள்ளேயே நாலு பேரும் இடியப்பம் சாப்பிட்டோம்.

அடுத்த போயாவுக்கு, வீட்டில் காஸை மூடினேனா என்று பார்க்க டீச்சர் இறங்கிப் போனார்: 5.11. அதற்கடுத்த போயாவுக்கு வண்டியை ஆசீர்வதிக்க வந்த ஃபாதர், பலகையைப் படித்து மகிழ்ந்து, அந்த ஆசனத்திலேயே அமர்ந்து பால் விடாத பிளேன்ரீ கேட்டார். ஒதுக்கப்பட்ட ஆசனத்திலிருந்து மதகுருவை எழுப்பும் சட்டம் எதுவும் டைம்கீப்பருக்குத் தெரியவில்லை. ஃபாதர் 5.40 வரை தான் சிறுவயதில் நீந்திய மன்னார்க் கடலைப் பற்றிச் சொன்னார். டீச்சர் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்றப் போயாக்களின் காரணங்களும் என் கோப்பில் உள்ளன, வாசகர்களைச் சோதிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை மழை. எஞ்சின் இருமி இருமி உயிர்பெற்றபோது மணி 5.44. டைம்கீப்பர் நிறுத்துவதற்காகச் சாவியில் கை வைத்தார். டீச்சர் அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, ஸ்டேரிங்ல இருக்கிறது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்க ட்ரைவர். ட்ரைவர் டைம் போட ஏலுமா?"

முப்பது வருடச் சட்டம். அவர் எப்படி மறுப்பார்? "ஏலாது."

டீச்சர் லொக் ஷீட்டில் 5.10 என்று எழுதினார்.

"இந்தா, அது வந்து…"

"முப்பது வருஷமா ட்ரைவர்மாருக்கு என்ன சொன்னீங்க? டைம்கீப்பரோட வாதாடாம வண்டிய எடுன்னுதானே? எடுங்க."

தாளை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். "தம்பி, இது ஆபீஸ் கொப்பி." பிறகு மதகுருமாரின் ஆசனத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து விசில் ஊதினார். வண்டி போனது.

மூன்றாம் நாள் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குள் நிற்கிறார். கழுத்தில் விசில். கோப்புக்காக உடனே கேட்டேன்: "அண்ணே, எத்தனை மணிக்குச் சேர்ந்தீங்க?"

பதில் மறுநாள்தான் வந்தது. "பாக்கல்ல தம்பி."

ஆகவே லொக் ஷீட்டில் 'வந்து சேர்ந்த நேரம்' இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. படத்திலிருப்பது மன்னார்க் கடல்தானா என்பதும் இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. கேட்டால் சொல்வார். ஆனால், அவர் முதல் தடவையாக நேரம் பார்க்காமல் நிற்கும் இடத்தில், நான் போய் விசில் ஊத விரும்பவில்லை.