முலாமா, எவர்சில்வரா என்று சித்தப்பா சொல்ல வேண்டியது

மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து
ஐப்பசி 3

சிங்காநல்லூர் சித்தப்பா அவர்களுக்குப் பூங்கோதை வணக்கத்துடன் எழுதுவது. மருதமலையான் புண்ணியத்தில் இங்கே மூவரும் சுகம். அங்கே தாங்களும் சித்தியும் சுகமாக இருக்க வெள்ளிதோறும் விளக்கு ஏற்றுகிறேன். நிற்க.

ஆயுத பூஜையன்று பக்கத்து வீட்டில் ஆஜராக இருந்தவர்கள்: அந்த வீட்டுப் பீட்டர் அண்ணன், அவர் மனைவி மார்கரெட் அக்கா, உங்க மாப்பிள்ளை, மகள் தாரிணி, நான். ஆக ஐந்து பேர். ஆறாவது ஆள் யாராவது பின்னால் வந்து சாட்சி சொன்னால் நம்ப வேண்டாம்.

பீட்டர் அண்ணன் மலேசியா ஈப்போக்காரர், வேதக்காரர். ஆனாலும் வருஷம் தவறாமல், "தங்கச்சி, நம்ப புல்லு மெஷினுக்கும் ஒரு பொட்டு வெச்சிட்டுப் போ லா, போன வருஷம் நீ வெச்சதுல இருந்து அது மக்கர் பண்ணவே இல்ல" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவார். நானும் சுண்டலும் சந்தனக் கிண்ணமுமாகப் போய் வருவேன். இந்த வருஷம் புல்லு மெஷின், ட்ரில், அக்காவின் தையல் மெஷின் மூன்றுக்கும் பொட்டு வைத்துக் கிளம்பும்போது மார்கரெட் அக்கா, "என்னோடதுக்கும் வெக்கணும்" என்று பிடித்துக்கொண்டார். அண்ணன் லைசென்ஸ் வாங்கிப் பழைய ரிவால்வர்கள் சேர்க்கிறவர், ஆறு வைத்திருக்கிறார். அதில் ஒன்று அவருடைய ஐம்பதாவது பிறந்த நாளுக்கு அக்கா வாங்கிக் கொடுத்தது. அதைத்தான் "என்னோடது" என்கிறார். வெளியே கொண்டுபோக ஆயிரம் சட்டம் இருப்பதால் பூஜையை அங்கேயே வைத்துக்கொண்டோம். அண்ணன் இரும்புப் பெட்டியைத் திறந்து, குண்டு போடும் உருளையைச் சாய்த்து ஓட்டைகள் எல்லாம் காலி என்று எங்களுக்குக் காட்டி, நியூஸ் பேப்பர் மேல் வைத்தார். "பொட்டு மரப்பிடியில மட்டும்" என்றார். சரியென்று அப்படியே வைத்தேன்.

அத்தோடு வந்திருக்க வேண்டும் சித்தப்பா. மார்கரெட் அக்கா, "பாத்தியா தங்கச்சி, தொண்ணூறு வருஷத்துச் சாமான், அசல் எவர்சில்வர், ஒரு துரு கெடையாது" என்றார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. காந்தம் வைத்துப் பார்க்காமல் நான் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவங்க ஃப்ரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து வந்து வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. "அக்கா, இது எவர்சில்வர் இல்லீங்க" என்றேன். பீட்டர் அண்ணன் சிரித்துவிட்டு, "துப்பாக்கிக்குப் போடற எவர்சில்வர் வேற ஜாதி. கெட்டிப்படுத்தணும்ல, அதனால காந்தம் ஒட்டற ரகத்துலதான் செய்வாங்க. உன் சாம்பார் கரண்டிய வெச்சு இத எடை போடாத லா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாரிணி வேறு, "அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் லீவ் இட்" என்றாள்.

விட்டிருப்பேன். ஆனால் அலமாரியின் மேல்தட்டில் பழைய ரிவால்வர்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. பத்தாவதுக்கு மேல் படிக்காத நான் இந்த ஊர் லைப்ரரியில் உட்கார்ந்துதான் இங்கிலீஷ் கற்றேன், புத்தகத்தைக் கண்டால் பிரிக்காமல் இருக்க முடியாது. பிரித்த இடத்தில் எல்லாம் சிவப்பு மையில் கோடு. நிக்கல் முலாம் என்றால் நிறத்தில் மஞ்சள் ஓடும், எவர்சில்வர் சாம்பல் நிறமாக இருக்கும். முலாம் என்றால் குழல் வாயிலும் உருளை ஓரத்திலும் தேய்ந்து அடியில் இருக்கிற கறுப்பு இரும்பு தெரியும், சில இடத்தில் தோல் மாதிரி உரியும். விசையும் குண்டைத் தட்டுகிற சுத்தியும் பல சமயம் வேறு நிறத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, எவர்சில்வரில் ரிவால்வர் செய்ய ஆரம்பித்ததே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில்தானாம். இதை நான் மனதுக்குள் படித்திருக்கலாம். வாய்விட்டுப் படித்தேன். அப்புறம், "தொண்ணூறு வருஷத்துச் சாமான்னு சொன்னீங்களே அக்கா? மஞ்சளாவும் இருக்குதுங்களே?" என்றும் கேட்டுவிட்டேன்.

"அந்த புக்கு சரியில்ல" என்றார் பீட்டர் அண்ணன்.

"அப்புறம் எதுக்குங்ண்ணா இவ்வளவு கோடு போட்டிருக்கீங்க?"

"நானா போட்டேன்? பழைய ஓனர் போட்டது."

முதல் பக்கத்தில் அவர் பெயர் அதே சிவப்பு மையில் இருந்தது. அதை நான் சொல்வதற்குள் உங்க மாப்பிள்ளை முழங்கையைக் கிள்ளி, "வாய வெச்சிட்டுச் சும்மா இருக்கறியா நீ" என்றார். அண்ணன் அவசரமாகத் துணியை எடுத்துத் துடைத்தார். துணியெல்லாம் மஞ்சள்! என் கையில் இருந்த சந்தனமும் மஞ்சளும் இரும்பில் ஏறியிருக்கிறது சித்தப்பா. "ஹா! பூசினது நீ, பழி எஞ் சாமானுக்கா?" என்று மார்கரெட் அக்கா கைகொட்டிச் சிரித்தார். நானும் ஒத்துக்கொண்டு, மன்னிச்சுக்குங்க அக்கா என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தோம், சுண்டலைக்கூடக் கிண்ணத்தில் போட்டாயிற்று.

ஆனால் துடைத்த இடத்தில், குழல் வாய் ஓரத்தில், எள் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. குங்குமம் காய்ந்திருக்கிறது என்று நினைத்து நகத்தால் லேசாகச் சுரண்டினேன். கோயில் மேல் ஆணை, லேசாகத்தான். பூண்டுத் தோல் மாதிரி வெள்ளையாய் ஒரு செதில் என் நகத்தோடு வந்துவிட்டது.

மார்கரெட் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, "ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரில கூடுதல் டியூட்டி பாத்து வாங்கினேன். வித்தவன் பைபிள் மேல கைய வெச்சு எவர்சில்வர்னான்" என்றார். பீட்டர் அண்ணன் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். வேலிக் கதவு அன்றைக்குச் சாத்தியது, பதிமூன்று நாளாகத் திறக்கவில்லை. உங்க மாப்பிள்ளை அவரோடுதான் தினமும் ரயிலடி வரை நடப்பார், இப்போது தனியாக நடக்கிறார். வீட்டுக்கு வந்து என்னைத்தான் பார்க்கிறார்.

நேற்று அக்கா வேலிக்கு மேலாக முகத்தை மட்டும் காட்டி, "உங்க சித்தப்பா முலாம் பட்டறைக்காரர்னு பீத்திக்குவியே, அவர் சொல்லட்டும். முலாம்னாருன்னா நான் ஏமாந்தேன்னு ஒத்துக்கறேன், அதுக்கப்புறம் அது என் வீட்டுல இருக்காது. எவர்சில்வர்னாருன்னா நீ வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். வாட்ஸாப்பு வேணாம், அதுல யார் வேணா டைப் அடிக்கலாம். கையால எழுதி வரட்டும், நானே படிப்பேன்" என்றார். தமிழ் பைபிளைத் தினமும் படிக்கிறவர், நன்றாகவே படிப்பார்.

அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். செதில் வெள்ளை, அடியில் இரும்பு கறுப்பு. விசையும் சுத்தியும் கருநீலம். சாமானின் வயது தொண்ணூறு. முப்பது வருஷம் முலாம் போட்ட கை உங்களுடையது. எனக்காகப் பார்க்காமல், அவங்களுக்காகவும் பார்க்காமல், தெய்வத்துக்குப் பயந்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

சித்தியின் முட்டி வலிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். தாரிணிக்குத் தங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மகள்
பூங்கோதை

பி.கு: தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அங்கே பீட்டர் அண்ணன் எனக்காக நின்றுகொண்டிருந்தார். "தங்கச்சி, அது முலாம்னு எனக்குப் பரிசுப் பேப்பரப் பிரிச்ச அன்னிக்கே தெரியும். அவ மூஞ்சியப் பாத்தேன், எவர்சில்வர்னு சொல்லிட்டேன். இருபத்தாறு வருஷமா அதையேதான் சொல்றேன். மத்த அஞ்சையும் வித்தாலும் இத விக்க மாட்டேன் லா" என்றார். எழுபத்தாறு வயசு ஆள், சித்தப்பா. ரோட்டில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆகவே மேலே எழுதியதைப் படித்ததும் கிழித்துப் போடவும். தனித்தாளில், பட்டறை முத்திரையோடு, இது அசல் எவர்சில்வர்தான், பூங்கோதைக்கு உலோகம் தெரியாது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அப்படியானால் செதில் ஏன் உரிந்தது என்பதற்கு ஒரு காரணமும் வேண்டும். அதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பொய் வராது. வெள்ளிக்கிழமை மட்டும் எழுத வேண்டாம். மன்னிப்புக் கேட்க நான் தயாராக இருக்கிறேன். பதிலைச் சீக்கிரம் போடுங்கள்.