போர்வை அண்ணையும் மேப்பிள் அடுப்பும்

சுவிஸ் நாட்டில் வீணாகப் போகும் சூட்டுக்கெல்லாம் துக்கம் காத்த ஒரே தமிழர் போர்வை அண்ணைதான். லாங்கன்தால் பக்கம் முப்பது வருடம் சூளைகளுக்கு உள்ளே கல் அடுக்கியவர். சூடு கசியாமல் இருக்கக் கல்லுக்குப் பின்னால் பஞ்சுமெத்தை மாதிரி ஒரு வெள்ளைப் பாய் வைப்பார்கள். அதை அவர் போர்வை என்பார், ஊர் அவரையே போர்வை என்றது.

பனிக்காலத்தில் அவர் நம் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று சுகம் விசாரிக்க முடியாது. நம்மைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கதவைச் சாத்திய பிறகுதான் பதில் சொல்வார். பூம்ப்ளிஸில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனாருக்குப் போர்த்திய பொன்னாடையைக் காணவில்லை. மண்டபமே தேடியது. கடைசியில் அது சோற்று அண்டாவைச் சுற்றிக் கிடந்தது. அண்ணை வெட்கப்படவேயில்லை, சோறு ஆறிப்போகும் என்றார்.

அப்போது நான் ஒரு பண்ணையில் தற்காலிக வேலையில் இருந்தேன். பண்ணைக்காரி ரூத்துக்கு மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிப் பாகு விற்கும் ஆசை. பாகு சரிவந்தால் எனக்கு நிரந்தர வேலை என்றிருந்தாள். நிரந்தர வேலை கிடைத்தால்தான் வவுனியாவில் இருந்த என் மனைவியைச் சுவிஸுக்கு எடுப்பிக்கலாம். கல்யாணமாகி இரண்டு வருடம், குடும்பம் நடத்தியதெல்லாம் தொலைபேசியில்தான்.

ரூத் வாங்கிவந்த பழைய இரும்பு அடுப்போ விறகைத் தின்று கொட்டகையைச் சூடாக்கியது. மேலே தட்டில் இருந்த சாறு கொதிக்கவில்லை. ஒரு காலை அவள் அடுப்பை ‘இஸோலீரன்’ பண்ணவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள். நான் முன்பு ஓல்டனில் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவன். அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: காய்ச்சல்காரரைத் தனி அறையில் போடு, ஒருவரையும் கிட்ட விடாதே. ட்ராக்டரால் அடுப்பைத் தூக்கி வெறும் மாட்டுக்கொட்டிலில் வைத்து, சிவப்பு வெள்ளை நாடா கட்டி, ‘உள்ளே வராதீர்கள்’ என்று ஜெர்மனில் எழுதியும் ஒட்டினேன். திரும்பி வந்த ரூத் அதை நெடுநேரம் பார்த்தாள். திட்டாமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அண்ணைக்குத் தொலைபேசி அடித்துச் சொன்னேன்.

“அடுப்புக்குக் கொரோனாவோ?” என்றார். “சூடு வெளியாலை போகாமல் மறிக்கச் சொல்லியிருக்கிறாள். வாறன், இரும்.”

அடுத்த ரயிலில் போர்வைச் சுருளும் ஒரு தள்ளுவண்டி சூளைக்கல்லுமாக வந்து இறங்கினார். போர்வைத் தூசி மூக்கில் ஏறாமல் இருவருக்கும் முகமூடி. அடுப்பின் உள்சுவரில் போர்வையை விரித்து, அதன்மேல் கல் அடுக்கிச் சாந்து பூசினார். பெரிய நெருப்பு மூட்டத்தான் விடவில்லை. ஒரு நாள் முழுக்கச் சின்ன நெருப்பில் ஈரம் காயவேண்டுமாம். நாலு பீப்பாய் சாறு புளித்துவிடும் என்று ரூத் விறகோடு வந்தாள். அண்ணை விறகுக் குவியலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் பதினாலு சொல், அதில் நன்றாகத் தெரிந்தது ‘நைன்’, அதாவது ‘முடியாது’. பண்ணைக்காரிக்கு அவளுடைய பண்ணையிலேயே நாள் முழுக்க ‘நைன்’ சொன்னார்.

“அண்ணை, என்ரை வேலை போகப்போகுது. மனிசி வரேலாமல் போயிடும்,” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“ஈரக் கல்லு வெடிச்சால் வேலையும் போகும், அடுப்பும் போகும். அழாமல் பீப்பாயைச் சுத்திப் பனியைக் குவியும். புளிக்காது.”

குவித்தேன். மறுநாள் காலை முழு நெருப்பு. பாதி விறகிலேயே சாறு தளதளவென்று கொதித்தது. அண்ணை அடுப்பின் வெளிப்பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். பிறகு ரூத்தின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரூத்திடமிருந்து அலறல் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கிழமையே ரூத் வேலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மனைவி வந்துவிட்டாள். அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் தேநீரை அவருக்குத்தான் கொடுக்கிறாள். எனக்கு இரண்டாவது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.